ஆறு பேரைச் சேர்த்தால் போதுமா? பெரிய எண்கள் நம்மை ஏமாற்றுவது எப்படி?

"ஆறு பேரை மட்டும் சேர்த்து விடுங்க பாஸ். அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்ப்பாங்க. அதுக்கப்புறம் நீங்க தூங்கினாலும் பணம் வரும்."

அலுவலக நண்பர், கல்லூரி சீனியர், தூரத்து உறவினர் என யாரிடமிருந்தாவது இப்படியொரு அழைப்பு உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். கேட்கும்போது பெரிய தவறு எதுவும் தெரியாது. ஆறு பேர்தானே? நம் போனில் இருக்கும் ஆயிரம் பேரில் ஆறு பேர் கிடைக்க மாட்டார்களா?

ஆனால், இதே கணக்கு 13-வது வரிசைக்குப் போகும்போது அந்த வரிசைக்கு மட்டும் தேவைப்படும் ஆட்கள் 1,306 கோடி. உலகத்தின் மொத்த மக்கள்தொகையே 800 கோடியைச் சற்றுத் தாண்டியதுதான்.

'ஆறு' என்ற சாதாரண எண், பதின்மூன்றே படிகளில் பூமியை விடப் பெரிதாகிவிடுகிறது. இதை ஏன் நம் மூளை முன்கூட்டியே பார்ப்பதில்லை? பெரிய எண்களைப் புரிந்துகொள்ள வழி இருக்கிறதா? பார்க்கலாம்.

ஒரு ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள்

பள்ளியில் பயன்படுத்திய 30 சென்டிமீட்டர் ஸ்கேல். இடது முனையில் பூஜ்ஜியம், வலது முனையில் ஒரு லட்சம் கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஆயிரம் கோடி எங்கே வரும்?

நடுவில் எங்கேயோ வரும் என்று தோன்றினால், நீங்கள் மட்டும் இல்லை, பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சரியான இடம், பூஜ்ஜியத்திலிருந்து 3 மில்லிமீட்டர். நூறு கோடி என்றால் 0.3 மில்லிமீட்டர், பேனா கோட்டின் தடிமனுக்குள்ளேயே அடங்கிவிடும். ஒரு கோடி? தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

இதே போன்ற சோதனையை ஆய்வாளர்களும் செய்திருக்கிறார்கள். ஒரு கோட்டின் ஒரு முனையில் ஆயிரம், மறுமுனையில் ஒரு பில்லியன் (அதாவது 100 கோடி) என்று குறித்து, ஒரு மில்லியன் (10 லட்சம்) எங்கே வரும் என்று கேட்டபோது, கணிசமானோர் கோட்டின் நடுப்பகுதியைக் காட்டினார்கள். உண்மையில் அது ஆயிரத்தை ஒட்டியே, ஆரம்பப் புள்ளியிலேயே நிற்க வேண்டிய எண்.

காரணம் எளிது. நாம் அளவைக் கேட்பதில்லை, பெயரைக் கேட்கிறோம். ஆயிரம், லட்சம், கோடி என்பதை ஒன்று, இரண்டு, மூன்று என்று படிக்கட்டு ஏறுவது போல மனம் எடுத்துக்கொள்கிறது. ஆயிரத்திலிருந்து லட்சத்துக்குப் போக 100 மடங்கு. லட்சத்திலிருந்து கோடிக்கும் 100 மடங்கு. ஆனால், கோடியிலிருந்து 'லட்சம் கோடி'க்குப் போகும்போது பாய்ச்சல் ஒரு லட்சம் மடங்கு. காதுக்கு அது எப்படிக் கேட்கிறது? முன்னால் ஒரு சொல் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நேரமாக மாற்றினால் புரியும்

இந்தச் சிக்கலுக்கு ஒரு சுலபமான மருந்து, எண்ணை நொடிகளாக மாற்றிப் பார்ப்பது.

ஒரு லட்சம் நொடி என்பது 27 மணி 47 நிமிடம். ஒரு நாளைத் தாண்டிக் கொஞ்சம். ஒரு கோடி நொடி, சுமார் 116 நாள். கிட்டத்தட்ட நான்கு மாதம். ஆயிரம் கோடி நொடி, 317 ஆண்டுகள். ஒரு லட்சம் கோடி நொடி? சுமார் 31,700 ஆண்டுகள். மனிதர்கள் விவசாயம் செய்யத் தொடங்குவதற்கும் வெகு காலத்துக்கு முன்னால் போய் நிற்போம்.

நான்கு மாதம் எங்கே, 31,700 ஆண்டு எங்கே! 'கோடி', 'லட்சம் கோடி' இரண்டும் ஒரே செய்தியில் அடுத்தடுத்த வரிகளில் வருகின்றன. நாமும் ஒரே வேகத்தில் படித்துவிட்டு ஸ்க்ரோல் செய்துவிடுகிறோம்.

பணக் கணக்குக்கு இன்னொரு வழி, தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்ப்பது. 2025-26 மத்திய பட்ஜெட்டின் மொத்தச் செலவு மதிப்பீடு சுமார் 50.65 லட்சம் கோடி ரூபாய். நாட்டின் மக்கள்தொகையைத் தோராயமாக 140 கோடி என்று எடுத்துக்கொண்டால், ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 36,000 ரூபாய். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 100 ரூபாய். அதே நாட்டுக்கு 'ரூ.1,000 கோடியில் புதிய திட்டம்' என்று அறிவிப்பு வந்தால், தலைக்கு 7 ரூபாய். இரண்டுமே பெரிய எண்கள்தான். ஆனால், ஒன்று மதியச் சாப்பாடு, அதுவும் தினமும். மற்றொன்று ஆண்டுக்கு ஒரே ஒரு முறை ஒரு சின்ன பிஸ்கட் பாக்கெட்.

ஆங்கிலச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு இதையும் நினைவில் வைப்பது நல்லது: ஒரு மில்லியன் என்றால் 10 லட்சம், ஒரு பில்லியன் என்றால் 100 கோடி, ஒரு டிரில்லியன் என்றால் ஒரு லட்சம் கோடி.

இரட்டிப்பாகும் அரிசி

இதுவரை பார்த்தது பெயர் செய்யும் குழப்பம். அடுத்தது பெருக்கல் செய்யும் குழப்பம். இதுதான் ஆபத்தானது.

கேரளத்தின் அம்பலப்புழை கிருஷ்ணன் கோயில் பால்பாயசத்துக்குப் பின்னால் ஒரு கதை சொல்வார்கள். முனிவர் வேடத்தில் வந்த கிருஷ்ணன், சதுரங்கத்தில் அரசனைத் தோற்கடிக்கிறார். பரிசாக அவர் கேட்டது கொஞ்சம் அரிசிதான். முதல் கட்டத்துக்கு ஒரு மணி, அடுத்த கட்டத்துக்கு இரண்டு, பிறகு நான்கு, எட்டு என ஒவ்வொரு கட்டத்துக்கும் இரட்டிப்பு. "இவ்வளவுதானா?" என்று அரசன் சிரிக்கிறார்.

பத்தாவது கட்டத்தில் 512 மணி. ஒரு கைப்பிடிகூட இல்லை. இருபதாவது கட்டத்தில் 5,24,288 மணி. ஓர் அரிசி மணி 25 மில்லிகிராம் என்று வைத்தால் சுமார் 13 கிலோ. பாதிப் பலகை, அதாவது 32 கட்டங்கள் முடியும்போது மொத்தம் 429 கோடி மணி, சுமார் 107 டன். சில லாரிகளில் ஏற்றிவிடலாம். அரசனுக்கு இன்னும் பயம் வரவில்லை.

64 கட்டமும் முடியும்போது மொத்த மணிகள் 20 இலக்க எண். எடை 46,000 கோடி டன். இன்று உலகம் முழுக்க ஓர் ஆண்டில் விளையும் அரிசியை வைத்துப் பார்த்தால், 800 ஆண்டுகளுக்கு மேல் விளைய வேண்டிய அரிசி.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கும் அரிசி, அதற்கு முன்னால் உள்ள அத்தனை கட்டங்களிலும் இருக்கும் மொத்த அரிசியைவிட ஒரு மணி அதிகம். கடைசிக் கட்டம்தான் எப்போதும் பாதிக்கு மேல். இந்த விஷயத்துக்கு மறுபடியும் வருவோம்.

சீட்டுக்கட்டும் பாஸ்வேர்டும்

52 சீட்டுகள் கொண்ட ஒரு கட்டை எத்தனை விதமாக அடுக்கலாம்? முதல் இடத்துக்கு 52 வாய்ப்பு, அடுத்த இடத்துக்கு 51, அடுத்து 50 என்று ஒன்று வரை பெருக்க வேண்டும். கணிதத்தில் இதற்கு ஃபேக்டோரியல் என்று பெயர். விடை, 68 இலக்க எண்.

உலகத்தில் இருக்கும் 800 கோடிப் பேரும், பிரபஞ்சம் தோன்றிய நாளிலிருந்து, அதாவது 1,380 கோடி ஆண்டுகளாக, நொடிக்கு ஒருமுறை ஒரு கட்டைக் கலைத்து அடுக்கிக்கொண்டே இருந்ததாகக் கற்பனை செய்யுங்கள். இதுவரை வந்திருக்கக்கூடிய அடுக்குகளின் எண்ணிக்கை 28 இலக்கம்தான்.

'28-க்கும் 68-க்கும் நாற்பதுதானே வித்தியாசம்' என்று தோன்றலாம். அதுவும் ஒரு பொறி. ஓர் இலக்கம் கூடினால் பத்து மடங்கு. நாற்பது இலக்கம் கூடினால் 1-க்குப் பின்னால் நாற்பது பூஜ்ஜியம் போட்ட அத்தனை மடங்கு. ஆகவே, இன்று இரவு நீங்கள் நன்றாகக் கலைத்து வைக்கும் சீட்டுக்கட்டின் வரிசை, வரலாற்றில் இதுவரை யார் கையிலும் வந்திருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிடலாம்.

இந்தப் பெருக்கல்தான் உங்கள் போனையும் வங்கிக் கணக்கையும் காப்பாற்றுகிறது. நொடிக்கு 100 கோடி முறை முயன்று பார்க்கும் ஒரு கணினி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலச் சின்ன எழுத்துகள் மட்டும் கொண்ட, கண்டபடி தேர்ந்தெடுத்த 8 எழுத்து பாஸ்வேர்டுக்கு இருக்கும் மொத்த வாய்ப்புகளையும் அது மூன்றரை நிமிடத்தில் முடித்துவிடும். 12 எழுத்து என்றால் சுமார் மூன்று ஆண்டு. 16 எழுத்து என்றால் சுமார் 14 லட்சம் ஆண்டு. எழுத்துகள் இரட்டிப்பாயின, அவ்வளவுதான். நேரம் மூன்றரை நிமிடத்திலிருந்து 14 லட்சம் ஆண்டுக்குத் தாவிவிட்டது. (உங்கள் பெயர், பிறந்த தேதி போன்றவற்றை பாஸ்வேர்டாக வைத்தால் இந்தக் கணக்கு செல்லாது!)

வங்கிச் செயலிகளும் இணையதளங்களும் தகவலைப் பூட்டப் பயன்படுத்தும் சாவிகளில் ஒரு வகை 128 பிட் சாவி. 2-ஐ 128 முறை பெருக்கினால் வரும் எண்ணிக்கையில் சாவிகள் சாத்தியம். அதே வேகமுள்ள கணினி உலகத்தில் ஆளுக்கு ஒன்று என 800 கோடி கணினிகளை உட்கார வைத்தாலும், எல்லாச் சாவிகளையும் போட்டுப் பார்க்க ஒரு லட்சம் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

கூகுளுக்குப் பெயர் தந்த எண்

பெயர்கள் தீர்ந்துபோனால் என்ன செய்வது? கிமு மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆர்க்கிமிடீஸுக்கு இந்தச் சிக்கல் வந்தது. அன்றைய கிரேக்க மொழியில் தனிப்பெயர் இருந்த மிகப் பெரிய எண் பத்தாயிரம். பிரபஞ்சம் முழுவதையும் மணலால் நிரப்ப எத்தனை மணல் துகள் வேண்டும் என்று கணக்கிடுவதற்காக அவர் புதிய எண் முறையையே உருவாக்கினார். அவருக்குக் கிடைத்த விடை, இன்றைய முறையில் எழுதினால் 1-க்குப் பின்னால் 63 பூஜ்ஜியம்.

1-க்குப் பின்னால் 100 பூஜ்ஜியம் போட்டால் அது கூகால். அமெரிக்கக் கணிதவியலாளர் எட்வர்ட் காஸ்னரின் ஒன்பது வயது உறவுக்காரச் சிறுவன் மில்டன் சிராட்டா வைத்த பெயர் இது. கூகுள் நிறுவனத்தின் பெயர் இந்தச் சொல்லிலிருந்து பிறந்ததுதான்.

நம்மால் காண முடிந்த பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை, தோராயமாக 1-க்குப் பின்னால் 80 பூஜ்ஜியம். எனவே, கூகால் அளவுக்கு எண்ணிக் காட்ட பிரபஞ்சத்தில் பொருளே இல்லை. ஆனால், கூகாலை எழுதிவிடலாம். அரைப் பக்கம் போதும்.

அடுத்தது கூகால்பிளெக்ஸ். 1-க்குப் பின்னால் ஒரு கூகால் பூஜ்ஜியங்கள். இதை எழுதவே முடியாது. ஓர் அணுவின் மேல் ஒரு பூஜ்ஜியம் என்று எழுதினாலும் அணுக்கள் தீர்ந்துவிடும்.

கிரஹாம் எண்: கோபுரத்தின் மேல் கோபுரம்

இதற்கு மேலும் எண் உண்டா என்றால், இதெல்லாம் ஒன்றுமே இல்லை என்பார்கள் கணிதவியலாளர்கள்.

கூட்டலைத் திரும்பத் திரும்பச் செய்தால் பெருக்கல். பெருக்கலைத் திரும்பச் செய்தால் அடுக்கு. அடுக்கைத் திரும்பச் செய்தால்? அதற்காக 1976-ல் கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத் அம்புக்குறி முறையைக் கொண்டுவந்தார்.

3↑3 என்றால் 3×3×3. விடை 27. 

3↑↑3 என்றால் 3-ஐ 27 முறை பெருக்குவது. விடை 7.6 லட்சம் கோடிக்கு மேல். 

3↑↑↑3 என்றால், 3-க்கு மேல் 3, அதற்கு மேல் 3 என அடுக்காக ஏறிக்கொண்டே போகும் ஒரு கோபுரம். அந்தக் கோபுரத்தில் 7.6 லட்சம் கோடி மூன்றுகள் இருக்கும். ஒவ்வொரு 3-ஐயும் ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் எழுதினால், கோபுரம் சூரியனுக்குப் போகும் வழியில் பாதி தூரத்தைத் தொட்டுவிடும். இது எண்ணின் அளவு இல்லை. எண்ணை எழுதத் தேவைப்படும் உயரம் மட்டுமே.

நான்கு அம்புக்குறி போட்டால் வரும் எண்தான் முதல் படி. அந்த எண் எவ்வளவோ, அத்தனை அம்புக்குறிகளை இரண்டு மூன்றுகளுக்கு நடுவே போட்டால் இரண்டாம் படி. இப்படியே 64 படி ஏறினால் வருவது கிரஹாம் எண்.

இதை யாரும் பொழுதுபோகாமல் உருவாக்கவில்லை. சதுரத்துக்கு 4 முனை, கனசதுரத்துக்கு 8 முனை. பரிமாணம் ஒன்று கூடும்போதெல்லாம் முனைகள் இரட்டிப்பாகும். எல்லா முனைகளையும் ஒன்றோடொன்று கோடுகளால் இணைத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் சிவப்பு அல்லது நீலம் பூசுகிறோம். ஒரே தளத்தில் உள்ள நான்கு முனைகளை இணைக்கும் ஆறு கோடுகளும் ஒரே நிறமாவதைத் தவிர்க்கவே முடியாத நிலை எத்தனையாவது பரிமாணத்தில் வரும்? அமெரிக்கக் கணிதவியலாளர் ரொனால்ட் கிரஹாம் ஆராய்ந்த கேள்வி இது. 'விடை இதைத் தாண்டாது' என்று சொல்லும் எல்லையாக வந்ததுதான் கிரஹாம் எண். 1977-ல் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய கட்டுரை வழியாகப் பிரபலமாகி, 1980-ல் கின்னஸ் புத்தகத்திலும் இடம்பிடித்தது.

சுவாரசியம் என்னவென்றால், பின்னர் இந்த மேல் எல்லையை நிறையவே குறைத்துவிட்டார்கள். கீழ் எல்லை இப்போது 13. அதாவது, உண்மையான விடை வெறும் 13 ஆகக்கூட இருக்கலாம்! 

இவ்வளவு பெரிய எண்ணின் முதல் இலக்கம் யாருக்கும் தெரியாது. ஆனால், கடைசி இலக்கம் 7 என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். முழுதாகப் பார்க்க முடியாத ஒன்றைப் பற்றியும், விதி தெரிந்தால் உறுதியாகப் பேச முடியும். கணிதத்தின் பலமே அதுதான்.

'இதுவரை சரியாத்தானே வருது?'

பெரிய எண்கள் கற்றுத்தரும் இன்னொரு பாடம் முக்கியமானது.

ஒரு குறிப்பிட்ட எண் வரை எத்தனை பகா எண்கள் (2, 3, 5, 7 போல வேறு எதனாலும் வகுபடாதவை) இருக்கின்றன என்று மதிப்பிட ஒரு சூத்திரம் உண்டு. கணிதவியலாளர்கள் எண்ணிப் பார்த்த எல்லா இடங்களிலும் சூத்திரம் கொஞ்சம் கூடுதலாகவே விடை சொன்னது. ஒருமுறைகூட குறைத்துச் சொன்னதில்லை. எப்போதும் இப்படித்தான் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும்.

1914-ல் லிட்டில்வுட் என்ற பிரிட்டிஷ் கணிதவியலாளர், இந்த வழக்கம் எங்கேயோ ஓரிடத்தில் தலைகீழாகும் என்று நிரூபித்தார். எங்கே என்று அவரால் சொல்ல முடியவில்லை. 1933-ல் அவருடைய மாணவர் ஸ்கியூஸ் ஒரு மேல் எல்லையைச் சொன்னார். அது கூகால்பிளெக்ஸையும் சிறியதாக்கிவிடும் எண். இன்றைய கணக்குப்படி, 300 இலக்கங்களுக்கு மேல் உள்ள ஓர் எண்ணுக்கு அருகில் அந்த மாற்றம் நடக்கிறது. அதுவரை எந்தக் கணினியாலும் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் போக முடியாது.

கோடிக்கணக்கான முறை சரியாக வந்தது என்பதற்காக, அடுத்த முறையும் சரியாக வரும் என்று அர்த்தம் இல்லை.

மீண்டும் அந்த ஆறு பேர்

இப்போது வாட்ஸ்அப் அழைப்புக்குத் திரும்புவோம். "இதுவரைக்கும் எல்லாருக்கும் கரெக்டா பணம் வந்துட்டு இருக்கு சார்" என்றுதான் எப்போதும் சொல்வார்கள். அது உண்மையாகவேகூட இருக்கலாம். சதுரங்கப் பலகையின் முதல் பாதியில் அரசனுக்கும் பிரச்சினை தெரியவில்லை.

முதல் வரிசை 6 பேர். அடுத்து 36. அடுத்து 216. ஐந்தாவது வரிசையில் 7,776. ஏழாவது வரிசையில் 2.8 லட்சம். பத்தாவது வரிசை முடியும்போது சங்கிலியில் மொத்தம் சுமார் 7.26 கோடிப் பேர் இருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகை 7.21 கோடி. கைக்குழந்தை, பாட்டி, தாத்தா எல்லோரும் சேர்ந்தாலும் ஆள் பற்றாது. பன்னிரண்டாவது வரிசைக்கு இந்தியா பற்றாது. பதின்மூன்றாவதுக்கு உலகம் பற்றாது.

சரி, அவ்வளவு தூரம் போவதற்கு முன்பே நான் சேர்ந்துவிட்டால்? இங்கேதான் சதுரங்கப் பலகையின் பாடம் வருகிறது. கடைசி வரிசைதான் எப்போதும் பெரியது. ஆறு ஆறாகப் பெருகும் சங்கிலி எந்த வரிசையில் நின்றாலும், மொத்த உறுப்பினர்களில் ஆறில் ஐந்து பங்கினர் கடைசி வரிசையில்தான் இருப்பார்கள். நூற்றுக்கு 83 பேர். அவர்களுக்குக் கீழே யாருமே இல்லை. கட்டிய பணம் மேலே போய்விட்டது, திரும்பி வர வழியில்லை. மூன்றாவது வரிசையில் நின்றாலும் 83 பேர்தான், பத்தாவது வரிசையில் நின்றாலும் 83 பேர்தான்.

நம் ஊர்ச் சீட்டு இதிலிருந்து வேறுபட்டது. இருபது பேர், இருபது மாதம் என்று ஆள் எண்ணிக்கை முதலிலேயே முடிவாகிவிடும். பதிவுபெற்ற சீட்டுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. புதிய ஆள் வந்தால்தான் பழைய ஆளுக்குப் பணம் என்ற நிலை அதில் இல்லை. ஆள் சேர்ப்பதையே வருமானமாகக் காட்டும் பணச் சுழற்சித் திட்டங்களை 1978-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பொருள் விற்பனை என்ற பெயரில் நடத்தப்படும் பிரமிட் திட்டங்களையும் 2021-ம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் தடை செய்கின்றன. நடத்துவது மட்டுமல்ல, ஆள் சேர்ப்பதும் குற்றம். பணத்தை இழந்தவர்கள் காவல் துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் செய்யலாம். ஆன்லைன் மோசடி என்றால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

அடுத்த முறை யாராவது "ஆறு பேர்தான்" என்று ஆரம்பித்தால், போனில் கால்குலேட்டரைத் திறந்து 6-ஐ ஆறால் பெருக்கிக்கொண்டே போங்கள். பன்னிரண்டாவது முறை சமக்குறியைத் தட்டும்போது திரையில் 1,306 கோடி வந்துவிடும். அதை அவரிடம் காட்டி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுல நான் எந்த வரிசை?"